வாசலுக்கு வந்த மருந்து

திருச்சிராப்பள்ளி சந்திப்பில் இறங்கி மன்னார்புரம் நோக்கிச் செல்வோர் வழியில் இராணுவ நிலத்தைக் காண்பர். சந்திப்பருகே எழுந்த மேம்பாலத்தின் மற்றக் கைகளெல்லாம் திறக்கப்பட்டு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தபோதும், மன்னார்புரம் நோக்கிய கை மட்டும், ஒரு ஏக்கருக்கும் குறைவான இராணுவ நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றதை ஊரார் மறந்திருக்கமாட்டார்கள். பாலத்தின் கதை இங்கு நமக்கு வேண்டாம். அந்த நிலத்துக்கு உரியவர்கள் யாராக இருந்தார்கள் என்ற கதைதான் வேண்டும். ஆங்கில மருத்துவம் இந்நாட்டில் யார் வாசலில் முதலில் போய் நின்றது, யார் வாசலை மிதிக்கவே மறந்தது என்ற வரலாறு, கண்டோன்மெண்ட் நிலத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வெள்ளையர் படை திருச்சியில் தங்கியிருந்த நாட்களில் ஊர் இரண்டாக இருந்தது. மலைக்கோட்டையைச் சுற்றி நெருக்கியடித்துக் கிடந்த மக்களின் ஊர் ஒன்று; அகன்ற சாலையும் காற்றோட்டமும் கொண்ட படைவீரரின் ஊர் மற்றொன்று. 1857க்குப் பிறகு, இந்தியாவிலுள்ள வெள்ளைச் சிப்பாய் ஏன் இப்படிச் சாகிறான் என்று இலண்டன் கவலைப்பட்டது. 1859இல் ஒரு அரசக் குழு அமைந்தது. ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்களில் 69 பேர் மடிகின்றனர் என்று 1863இல் அது அறிவித்தது. கொன்றது எதிரியின் வாளைக் காட்டிலும் பெரும்பாலும் காய்ச்சலும் வாந்திபேதியும். மறு ஆண்டே சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் தோன்றின. கவலையின் வேர் சிப்பாயின் உடல்நலம். கோட்டைக்குள்ளிருந்த குடியானவனும் உறையூர் நெசவாளியும் அந்தக் கணக்கில் வந்தது, அவர்களிடமிருந்து சிப்பாய்க்கு நோய் ஒட்டிவிடக்கூடாதே என்ற அளவுக்குத்தான்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கம். மார்கழியில் சொர்க்கவாசல் திறப்புக்கு ஆயிரமாயிரமாகக் கூடுவர். கூடிய இடத்தில் நீர் ஒன்று. குளிப்பதும் அதில், குடிப்பதும் அதில். வாந்திபேதிக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, காலரா இந்தியாவில் பிறந்து யாத்திரிகர் கால்வழியே உலகெங்கும் நடக்கிறது என்று விரல்நீட்டிற்று. அன்று முதல் யாத்திரிகர் அரசினர் கண்ணுக்கு ஆபத்தாகத் தெரிந்தனர். எண்ணப்பட வேண்டிய, தடுக்கப்பட வேண்டிய கூட்டம் அது. நல்ல குடிநீரும் கழிப்பிடமும் கேட்க உரிமையுள்ள மனிதர் கூட்டம் என்ற எண்ணம் பிறக்க இன்னும் நாள் இருந்தது. மறுபுறம், நம்மவரில் ஓதும் வாயுடையோர் என்ன சொன்னார்கள்? தீர்த்தத்தில் தீட்டில்லை என்றனர். வந்த நோய் முன்வினைப் பயன் என்றனர். ஆண்டவனும் ஆள்வோனும் இப்படிக் கைவிரித்தபின் ஏழை எங்கே போவான்? நோயின் கிருமியை 1884இல் கல்கத்தாக் குளத்து நீரில் ராபர்ட் கோக் கண்டறிந்தார். அதற்குப் பிறகும் வேப்பிலைத் தோரணமே நம் தெருக்களில் மருத்துவமாக நின்றது.

அம்மை நோய் வேறு பாடம் கற்பித்தது. சமயபுரத்தாள் சினந்தால் முத்து போடும் என்பதே மக்கள் நம்பிக்கை. 1802இல் அம்மைப்பால் சென்னைக்கு வந்தது; குத்தவந்தவனைக் கண்டு கதவடைத்தனர் பலர். கேலி செய்ய எளிது. ஆனால் நாம் ஒன்று கேட்போம்: வரிகேட்கவும் ஆள்பிடிக்கவும் மட்டுமே வாசலுக்கு வந்து பழகிய அரசு, திடீரெனக் கத்தியும் பாலுமாக வந்தால் குடியானவன் எப்படி நம்புவான்? அறியாமையில் பாதி ஆள்வோர் உண்டாக்கியது. 1899இல் கிண்டியில் கிங் நிலையம் எழுந்தது. அம்மைப்பால் உள்நாட்டிலேயே விளைந்தது. எத்தனையோ பேர் தெருத்தெருவாக நடந்து குத்தினார்கள். 1975இல் இந்தியாவில் கடைசி நோயாளி; 1980இல் உலகமே விடுபட்டதாக அறிவிப்பு. சமயபுரத்தில் பூச்சொரிதல் இன்றும் நடக்கிறது. அம்மை மட்டும் வருவதில்லை. அம்மன் சினத்தை ஆற்றியது பூவா, ஊசியா என்று விழாவுக்குப் போகிறவரிடமே கேட்டுப்பாருங்கள். சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்வார்.

பம்பாயில் 1896இல் பிளேக் பரவியபோது அரசு விழித்தது, குண்டாந்தடியோடு. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. சோதனை என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்த சிப்பாய்கள் பெண்களின் மானத்தையும் மதிக்கவில்லை என்று பூனாவில் கொதித்தனர். பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டு சுடப்பட்டு மாண்டார். மருந்தின்றி அதிகாரம் மட்டும் வாசலுக்கு வந்தால் என்ன நேரும் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சட்டத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 123 ஆண்டுகள் கழித்து அதையே தூசிதட்டி எடுத்தார்கள்.

இனி 1918. நம் நாட்டு வரலாற்று நூல்கள் போர் முடிந்த ஆண்டாக மட்டும் அதைப் பதிந்து வைத்திருக்கின்றன. அவ்வாண்டு சூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலோடு இறங்கிய இன்புளுவென்சா, முதலில் மெல்ல வந்து, செப்டம்பரில் கொலைவெறியோடு திரும்பிற்று. இரயில் போன வழியெல்லாம் அது போயிற்று. தென்னிந்திய இரயில்வேயின் தலைமையகமாக இருந்த ஊர் திருச்சி. எத்திசை வண்டியும் வந்து தொடும் சந்திப்பு. அக்காய்ச்சலுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. நோயை உண்டாக்கும் நுண்ணுயிரையே 1933இல்தான் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தனர். அப்படியாயின் அன்று உயிர்காத்திருக்கக்கூடியது எது? படுத்தவனுக்குக் கஞ்சி, போர்வை, நீர், பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான். அதுவும் இல்லை. மழை பொய்த்திருந்தது, தானியம் விலையேறியிருந்தது, செப்டம்பரில் சென்னையில் பசித்தவர்கள் கடைகளைச் சூறையாடினர். மருத்துவ அதிகாரிகளில் பலர் போர்முனையில் சிப்பாய்க்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தனர்.

இந்தியாவில் மடிந்தோர் தொகையை அன்றைய அரசு முதலில் 60 இலட்சம் என மதிப்பிட்டது. பிற்காலத்து ஆய்வாளர்கள் 120 இலட்சத்திலிருந்து 200 இலட்சம் வரை கணக்கிடுகின்றனர். சென்னை மாகாணம் பம்பாய் அளவுக்கும் மத்திய மாகாணம் அளவுக்கும் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு எடுத்தபோது, பத்தாண்டில் வளர்ந்திருக்க வேண்டிய நாட்டு மக்கள்தொகை, 1911இல் இருந்ததைவிடக் குறைந்து நின்றது.

சாவு எல்லோரையும் ஒன்றாகவே பார்த்தது என்று உபதேசிப்போர் உண்டு. அவர்களுக்குப் பம்பாய் நகராட்சி எடுத்த கணக்கைக் காட்டுவோம். 1918இல் அந்நகரில் ஐரோப்பியர் ஆயிரத்துக்கு 8.3 பேர் மாண்டனர். மற்ற இந்துக்கள் 18.9. தாழ்த்தப்பட்ட சாதியார் என்று அந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தோர் 61.6. ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே கிருமி! கிருமி சாதி பார்க்கவில்லை. சேரி பார்த்தது, பசி பார்த்தது, ஒரே அறையில் பத்துப்பேர் படுக்கும் நிலை பார்த்தது. அந்நிலையை உண்டாக்கியது எது என்று இவ்வேட்டின் வாசகருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நாடெங்கும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் மடிந்தனர் என்பதையும் அதே காலத்துக் கணக்குகள் காட்டுகின்றன. வீட்டில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றியவளுக்கு ஊற்ற ஆளில்லை.

இத்தனை சாவுக்குப் பின் என்ன மாறியது? இங்கேதான் நம் கட்டுரையின் உயிர்நிலை இருக்கிறது. கொள்ளைநோய் தானாக எந்த மருத்துவமனைக் கதவையும் திறப்பதில்லை. இல்லாவிடில் காலராவுக்கே கதவுகள் திறந்திருக்க வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இரட்டையாட்சியில், பொது சுகாதாரம் வெள்ளை அதிகாரி கையிலிருந்து, தேர்தலில் வென்றுவந்த அமைச்சர் கைக்கு மாறியது. வாக்குரிமை அன்று சொத்துடைய சிலருக்கே என்பதையும் மறைக்கமாட்டோம். ஆயினும், ஊரிலே காய்ச்சல் வந்தால் ஊராரிடம் பதில் சொல்ல வேண்டியவர் என்ற ஒருவர் முதன்முதலாகப் பிறந்தார். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. 1921 முதல் 1926 வரை பானகல் அரசர் முதலமைச்சர். 1922இல் சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரத்துக்கெனத் தனித்துறை உருவாயிற்று. தொடர்ந்து மாவட்டந்தோறும் சுகாதார அதிகாரிகள் வந்தனர். 1924இல் மற்றொரு திட்டம்: கிராமத்தில் குடியேறி வைத்தியம் பார்க்க முன்வரும் மருத்துவருக்கு மானியம், ஏழைக்கு அவர் இலவசமாகப் பார்க்க வேண்டும். நகரத்தில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருந்த வைத்தியத்தை, வண்டி கட்டிக் கிராமத்துக்கு அனுப்பிய முயற்சி அது. இவற்றை இன்புளுவென்சா மட்டுமே செய்தது என்றால் மிகை. அந்தக் காய்ச்சல் காட்டிய வெறுமை கண்முன் இருந்தது; பதில் சொல்லும் கடமை அமைச்சர்க்கு வந்திருந்தது; இரண்டும் சந்தித்தன.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் திருவரங்கத்துக்காரர். டாக்டர் தி.சே.சௌ. ராஜன் காங்கிரஸ்காரர், 1930இல் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டவர்கள் திருச்சியில் அவர் இல்லத்திலிருந்தே கிளம்பினர். 1937இல் அமைந்த இராசாசி அமைச்சரவையில் சுகாதாரம் அவர் பொறுப்பு. அந்த அமைச்சரவையோடு நமக்கிருந்த வழக்கு ஊரறிந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்தோரைச் சிறையிலடைத்த ஆட்சி அது. வழக்கு வேறு, கணக்கு வேறு. 1939இல் நிறைவேறிய சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. தொற்றுநோயை அறிவிக்க வேண்டிய கடமை, நீர், சாக்கடை, அம்மைப்பால் எல்லாம் அதில் உண்டு. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதிலே தனிப்பகுதி உண்டு. சொர்க்கவாசல் திறக்கும் ஊரிலே பிறந்த மருத்துவர், விழாக்கூட்டத்துக்கு நல்ல நீரும் துப்புரவும் தருவதைச் சட்டத்தில் எழுதிவைக்கும் ஆட்சியில் இருந்தார் என்பது நமக்கு நிறைவு தருவதே.

விடுதலைக்குப்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1946இல் போர் குழு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. 1952 முதல் அவை எழுந்தன. பல மாநிலங்கள் பொது சுகாதாரத் துறையை மருத்துவத் துறையோடு இணைத்துக் கரைத்துவிட்டன. தமிழகம் தனித்துறையைக் கைவிடவில்லை. 1990களில் மருந்தை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் வழங்கத் தனிக் கழகம் ஏற்பட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் திருச்சிக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது; முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. புத்தூர் அரசு மருத்துவமனை அதோடு இணைந்தது.

2020 மார்ச்சு 11இல் கொரோனாவை உலகக் கொள்ளைநோய் என்று அறிவித்தபோது, 1897ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் வெளியே வந்தது, நாடு பூட்டப்பட்டது. திருச்சியில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வணிகம் மன்னார்புரத்துக்குத் தொலைவில் இல்லாத பொன்மலை ஜி கார்னர் திடலுக்கு இடம்பெயர்ந்தது. பொன்மலைப் பணிமனையில் இரயில் பெட்டிகளை நோயாளிக்கான தனிமை வார்டுகளாக மாற்றினர். 1918இல் நோயை ஏற்றிவந்த இரயில், 2020இல் நோயாளிக்குக் கட்டிலாக நின்றது. திருவரங்கம் கோயிலும் கதவடைத்தது. செப்டம்பர் 1 வரை பக்தர்க்கு வழியில்லை. புத்தூர் மருத்துவமனையின் கதவு அடைபடவில்லை. இதைச் சொல்லிக் காட்டி மகிழ நமக்கு மனமில்லை. அந்த வாசலுக்குள் சென்றவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

அந்நாட்களில் ஒரு சொல் நம்மை உறுத்திற்று: சமூக இடைவெளி. சேரியையும் அக்ரகாரத்தையும் தனித்தனியே வைத்து, தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்று இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி காத்த நாட்டுக்கு அந்தச் சொல்லைப் புதிதாகக் கற்பிக்கவா வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அதைக் கைவிட்டு, உடல்களுக்கிடையே இடைவெளி என்று திருத்திக்கொண்டது. இங்கே தீட்டின் பழம்புத்தி வேறு வேடத்தில் வந்தது. ஏப்ரலில், நோயாளியைப் பார்த்து நோய் வாங்கி மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அப்படித் தடுப்போரைத் தண்டிக்க அவசரச் சட்டம் வந்தது. முகக்கவசம் அணியாதோர்க்கு அபராதம் விதிக்கச் செப்டம்பரில் திருத்தப்பட்டதும், இராசன் காலத்து 1939ஆம் ஆண்டுச் சட்டமே.

எந்திரம் முழுதாக வேலை செய்தது என்று சொல்ல மாட்டோம். அம்மைப்பாலுக்குப் பிறந்த கிங் நிலையம் கொரோனாச் சோதனைக்கு முன்னின்றது. மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வுக்கூடங்கள் பெருகின. ஆனால் 2021 கோடையில் இரண்டாம் அலை எழுந்தபோது கட்டிலுக்கும் பிராணவாயுவுக்கும் அலைந்த குடும்பங்கள் தமிழகமெங்கும் உண்டு. தனியார் மருத்துவமனைக் கட்டணத்தை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும் என்று புதிய ஆட்சியின் முதல் நாளாகிய மே 7இல் ஆணை வந்தது. அதற்கு முன் நகை விற்றுக் கட்டியவர்க்கு அது பிந்திய உதவி. தமிழகத்தில் அரசுக் கணக்குப்படி 38,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். இந்தியா முழுவதும் 2020, 2021 இரு ஆண்டுகளில் 47 இலட்சம் மிகைச் சாவு என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை மறுத்தது. 1918இலும் ஆள்வோர் சொன்ன தொகை சிறிது, ஆய்ந்தோர் கண்ட தொகை பெரிது என்பதை நினைவில் வைப்போம்.

கொரோனா வராதவர்களும் அந்நாளில் துன்புற்றனர். பேருந்து ஓடவில்லை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கியவர் வீட்டிலேயே முடங்கினார். மாத்திரை தீர்ந்தது, நோய் தீரவில்லை. காசநோயாளி இருமிக்கொண்டே கிடந்தார்; இருமினாலே அஞ்சி ஓடிய காலம். தொலைபேசி வழியே மருத்துவரைக் காணும் முறை வந்தது; அதில் தமிழகம் முன்னணியில் நின்றது. கையில் நல்ல கைபேசி உள்ளவர்க்கு அது வாசல், இல்லாதவர்க்குச் சுவர். அடைபட்ட வீட்டுக்குள் மனம் நொந்தவர்களையும் குடிகாரக் கணவனிடம் சிக்கிய பெண்களையும் எந்தக் கணக்கேடு எண்ணியது? மனநலத்துக்கென 14416 என்ற நாடளாவிய தொலைபேசி எண் வர 2022 அக்டோபர் ஆயிற்று.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2021 ஆகஸ்டு 5இல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிற்று. நோயாளி மருத்துவமனையைத் தேடிப் போவதற்கு மாறாக, அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவியோடும் மாத்திரையோடும் ஒரு பெண் வாசலுக்கு வருகிறார். படுத்த படுக்கையானவர்க்கு வலி தணிக்கும் பராமரிப்பும், கைகால் முடங்கியவர்க்குப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2022 டிசம்பர் 29இல் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. இடம் நம் திருச்சி மாவட்டத்துச் சன்னாசிப்பட்டி. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் வந்தது. 1863இல் சிப்பாயின் வாசலில் மட்டும் நின்ற மருத்துவம், சன்னாசிப்பட்டியில் குடியானவர் திண்ணைக்கு வந்து சேர 160 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நடுவில் வழி அமைத்தது, 1918க்குப் பின் பிறந்து கலைக்கப்படாமல் காக்கப்பட்ட அந்தத் தனித்துறை.

வாசலுக்கு வரும் அந்தப் பெண் யார்? மகளிர் குழுவைச் சேர்ந்தவர்; தன்னார்வலர் என்பது அவர் பெயர், மதிப்பூதியம் என்பது அவர் பெறும் தொகையின் பெயர். அவர் அரசு ஊழியர் அல்லர். 1918இல் வீட்டாருக்கெல்லாம் கஞ்சி ஊற்றி மாண்டவளின் பேத்தி இன்று ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறாள். ஊதியம் என்ற சொல்லுக்கு முன்னால் மதிப்பு என்ற சொல்லை ஒட்டவைத்துத் தொகையைக் குறைக்கும் வித்தையை நம் அரசுகள் எங்கே கற்றனவோ!

அவரோடு சேர்த்து எண்ணவேண்டியவர் இன்னொருவர். 2020 மார்ச்சு 22 மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் மாடியில் நின்று கைதட்டிற்று, தட்டு தட்டிற்று. மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் எல்லோருக்கும் சேர்த்து அந்த நன்றி. தொற்று ஒட்டிய வீட்டுக் குப்பையை அள்ளியவரும், தடுப்பு கட்டிய தெருவில் மருந்து தெளித்தவரும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். பெரும்பாலும் பம்பாய்க் கணக்கில் 61.6 என்று எழுதப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள். 2025 ஆகஸ்டில், குப்பை அள்ளும் வேலை தனியாரிடம் போகக்கூடாது, எங்களுக்கு நிலையான பணி வேண்டும் என்று கேட்டு, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் அவர்கள் உட்கார்ந்திருந்தனர். 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்திற்று.